டிஸ்சார்ஜ் சம்மரியில் லேப் ரிசல்ட்: கையால் அடிப்பதா, டிக்டேட் செய்வதா, சாஃப்ட்வேரிடம் விடுவதா, அடிக்காமலே இருப்பதா?

சின்ன ஆஸ்பத்திரி நடத்துகிற டாக்டர்களும் அங்கே மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பார்ப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்வி இது. நோயாளி வீட்டுக்குப் போகும்போது கொடுக்கிற சம்மரியில் லேப் ரிசல்ட் ஏற்றத் தனியாக ஒரு ஆள் போடலாமா, லேப் சாஃப்ட்வேரோடு இணைப்பு வாங்கலாமா, இல்லை இப்போது எல்லாரும் சொல்கிற ஏஐ-யிடம் விட்டுவிடலாமா? கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் இருபதிலிருந்து ஐம்பது படுக்கை இருக்கும், லேப் உள்ளேயே இருக்கும் அல்லது பக்கத்துத் தெருவில் இருக்கும், டூட்டி டாக்டர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருப்பார். இவர்களிடம் நாலு கம்பெனிக்காரர்கள் வந்து நாலு விதமாகப் பேசிவிட்டுப் போயிருப்பார்கள்.

நான் அமெரிக்க டாக்டர்களின் டிக்டேஷனைக் கேட்டு டைப் அடிக்கிற வேலையில் ஆரம்பித்து, இப்போது உள்ளூர் ஆஸ்பத்திரிகளின் சம்மரியைச் சரிபார்த்துக் கொடுப்பவன். அதனால் என் பார்வை கீபோர்டு பக்கத்திலிருந்து வருவது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சம்மரிக்குள் எவ்வளவு குறைவான எண்களை நகலெடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. எந்த வழியை எடுத்தாலும் இது மாறாது. ஆனால் அப்படியே முழுவதும் நகலெடுக்காமல் இருக்கவும் முடியாது, ஏன் என்று வரும்.

எதை வைத்து எடை போடுவது

முதலாவது, எண் எத்தனை கை மாறுகிறது. மெஷினிலிருந்து லேப் ரெஜிஸ்டர், அங்கிருந்து பிரிண்ட், பிரிண்டிலிருந்து கேஸ் ஷீட், கேஸ் ஷீட்டிலிருந்து சம்மரி என்று போகும்போது ஒவ்வொரு கையிலும் தப்பு நடக்க இடமிருக்கிறது. சோடியம் 131 என்பது 113 என்று விழுந்தால் அடுத்துப் பார்க்கிற டாக்டர் பதறிப்போய் திரும்ப டெஸ்ட் எடுப்பார், தப்பு வெளியே வந்துவிடும். நிஜமாகவே ஆபத்தான 113 என்பது 131 என்று விழுந்தால் யாரும் பதற மாட்டார்கள், அதுதான் பயம். டிரான்ஸ்கிரிப்ஷன் தொழிலில் 98 சதவீதத் துல்லியம் என்றால் தேறிய வேலை. வாக்கியங்களுக்கு அது போதும், ஒரு சொல் பிசகினாலும் படிப்பவர் சுதாரித்துக்கொள்வார். எண்ணுக்கு அந்தக் கணக்குப் போட்டால் ஐம்பது ரிசல்ட் உள்ள சம்மரியில் ஒன்று தப்பாக இருக்கும், அது எது என்று பார்த்ததும் சொல்ல முடியாது.

இரண்டாவது, எண்ணோடு சேர்ந்து வர வேண்டியவை வருகிறதா. என் அனுபவத்தில் அதிகம் தொலைவது எண் அல்ல, அதன் கூட வருகிற சங்கதிகள்தான். யூனிட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பிளேட்லெட்டை 1.5 லட்சம் என்கிறோம், மெஷின் பல நேரம் அதையே 150 என்று ஆயிரத்தில் காட்டும். சர்க்கரை இங்கே 180 எம்ஜி என்றால் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ அது 10 மில்லிமோல்; அங்கிருந்து சென்னைக்கு வைத்தியம் பார்க்க வருகிறவர் கொண்டுவரும் பழைய ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 88 என்று இருக்கும், நம் கணக்கில் அது ஒன்று. யூனிட் போடாமல் 88 என்று மட்டும் அடித்தால் என்ன அர்த்தம்? மாரடைப்புக்குப் பார்க்கும் டிரோப்போனின் 14 நானோகிராம் என்று சொன்னால் மட்டும் போதாது, லிட்டருக்கா மில்லிலிட்டருக்கா என்பதில் ஆயிரம் மடங்கு வித்தியாசம். ரத்தம் கட்டியிருக்கிறதா என்று பார்க்கும் டி-டைமரில் யூனிட் தொல்லை போதாதென்று இரண்டு விதமாக அளவிடும் முறை வேறு உண்டு, ஒன்றின் எண் மற்றதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும்.

அடுத்து லேப்காரர் அடியில் எழுதும் குறிப்பு. பொட்டாசியம் 6.2, கீழே 'சாம்பிள் ஹீமோலைஸ் ஆகியுள்ளது' என்று ஒரு வரி. சிவப்பணு உடைந்து பொட்டாசியம் வெளியே வந்ததால் எண் ஏறியிருக்கலாம் என்று அதற்குப் பொருள். சம்மரியில் 6.2 மட்டும் போய்ச் சேர்ந்து அந்த வரி போகவில்லை என்றால், இல்லாத ஒரு வியாதியை நோயாளியின் தலையில் கட்டிவிட்டோம். பிளேட்லெட்டும் இப்படித்தான். ரத்தம் எடுத்த குழாயிலேயே பிளேட்லெட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் மெஷின் குறைவாக எண்ணும், லேப்காரர் மைக்ராஸ்கோப்பில் ஸ்மியர் பார்த்து 'கிளம்ப்ஸ் உள்ளது' என்று எழுதியிருப்பார். டெங்கு சீசனில் அந்த வரி இல்லாமல் வெறும் 42,000 போனால் வீடே கலங்கிவிடும்.

மூன்றாவது, தாமதமாக வரும் ரிப்போர்ட். ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிளட் கல்ச்சருக்கு இரண்டாம் நாளில் இடைக்கால ரிப்போர்ட் வரும், முடிவான ரிப்போர்ட்டுக்கு வழக்கமாக ஐந்து நாள் ஆகும். பயாப்ஸி இன்னும் தாமதம். நோயாளி மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விடுவார். நீங்கள் எடுக்கிற வழியில் 'இன்னும் வரவேண்டியது' என்று சொல்ல இடமிருக்கிறதா, வந்தபிறகு யார் கூப்பிட்டுச் சொல்வார்கள்?

நான்காவது, அவசரம். டிஸ்சார்ஜ் என்று ரவுண்ட்ஸில் சொன்ன நிமிடத்திலிருந்து எல்லாருக்கும் கால் தரையில் நிற்காது. கேஷ்லெஸ் நோயாளி என்றால், டிஸ்சார்ஜ் கோரிக்கை வந்த மூன்று மணி நேரத்துக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும் என்று 2024 மே மாதம் இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ சுற்றறிக்கை விட்டது. அது கம்பெனிக்குப் போட்ட கெடு. அதற்குள் அவர்கள் ஒரு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பினால் உங்கள் பக்கம் நேரம் ஓடும். சம்மரியில் ஒரு பிளேட்லெட், இணைத்த லேப் ரிப்போர்ட்டில் வேறு பிளேட்லெட் என்றால் கேள்வி கட்டாயம் வரும்.

காசும் ரகசியமும் மீதி. அவற்றை ஒவ்வொரு வழியிலும் சொல்கிறேன்.

வழி 1: ரிப்போர்ட்டைப் பார்த்து ஆள் அடிப்பது

டூட்டி டாக்டரோ வார்டு நர்ஸோ ரெக்கார்ட்ஸ் பிள்ளையோ பிரிண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடிப்பது. செலவே இல்லாத மாதிரி தெரியும், ஏனென்றால் சம்பளம் ஏற்கெனவே கொடுக்கிறோம். உண்மையில் இதுதான் விலை கூடிய நேரத்தைத் தின்னும் வழி. எம்பிபிஎஸ் முடித்தவரை எச்பி, டிசி, டிஎல்சி, யூரியா, கிரியேட்டினின் என்று வரிசையாக அடிக்க வைக்கிறோம், வார்டில் அவரைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இதில் நல்லது ஒன்று உண்டு. அடிப்பவர் டாக்டராக இருந்தால் எண்ணைப் பார்த்ததும் ஒரு கேள்வி எழும். 'இந்தப் பேஷண்டுக்குப் பொட்டாசியம் 6.2-ஆ? நல்லாத்தானே நடந்துட்டு இருந்தார்' என்று திரும்பப் பார்ப்பார். வேறு எந்த வழியிலும் இந்த வடிகட்டி இலவசமாகக் கிடைக்காது. ஆனால் அதற்கு அவர் அந்த நோயாளியைப் பார்த்தவராக இருக்க வேண்டும். முந்தைய நாள் ராத்திரி டூட்டிக்காரர் அட்மிட் செய்தவருக்குக் காலையில் வந்தவர் சம்மரி எழுதினால் அவரும் ஒரு டைப்பிஸ்ட்தான்.

இந்த வழியில் இருக்கிறவர்கள் ஒரு வேலையை மட்டும் சேர்த்துக்கொண்டால் பாதித் தப்பு போய்விடும்: ஒருவர் ரிப்போர்ட்டை வாய்விட்டு வாசிக்க, இன்னொருவர் திரையைப் பார்த்துக்கொண்டு வருவது. ஒரே ஆள் தான் அடித்ததைத் தானே சரிபார்த்தால் கண்ணுக்குத் தப்பு தெரியாது, எதை எதிர்பார்க்கிறோமோ அதுதான் தெரியும்.

தசமப் புள்ளி பற்றி ஒன்று. மருந்து டோஸில் 5.0 என்று எழுதாதே, புள்ளி மங்கினால் 50 ஆகிவிடும் என்று ஆஸ்பத்திரிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அமெரிக்காவின் ஜாயிண்ட் கமிஷன் 2004-லிருந்து சொல்கிறது, நல்ல விதி. இதை அரைகுறையாகக் கேட்டுவிட்டு லேப் ரிசல்ட்டிலும் 4.0-வை 4 என்று மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். தேவையில்லை. எவ்வளவு நுணுக்கமாக அளந்தார்கள் என்பதை அந்தப் பூஜ்யம் சொல்கிறது, அந்த விதியே லேப் முடிவுகளுக்கு விலக்குக் கொடுத்திருக்கிறது. லேப் என்ன கொடுத்ததோ அதையே போடுங்கள். புள்ளிக்கு முன்னால் பூஜ்யத்தை மட்டும் எங்கேயும் விடாதீர்கள், 0.8 என்பது .8 என்று இருந்தால் அடுத்த போட்டோகாப்பியில் அது 8.

வழி 2: பழைய சம்மரியைத் திறந்து 'சேவ் ஆஸ்'

இதை ஒரு வழி என்று யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஆனால் நான் பார்த்த சின்ன ஆஸ்பத்திரிகளில் அதிகம் ஓடுவது இதுதான். போன வாரம் டெங்கு பேஷண்டுக்குப் போட்ட வேர்டு ஃபைலைத் திறப்பது, பெயரையும் வயதையும் ஐபி (உள்நோயாளி) நம்பரையும் மாற்றுவது, லேப் டேபிளில் எண்களை மேலேயே மாற்றி அடிப்பது. வேகம் என்றால் அப்படி ஒரு வேகம்.

ஒரு நர்சிங் ஹோமில் ஐம்பத்தெட்டு வயது ஆணின் சம்மரியில் 'யூரின் பிரெக்னன்ஸி டெஸ்ட்: நெகட்டிவ்' என்று இருந்ததைப் பார்த்திருக்கிறேன். அது சிரித்துவிட்டுப் போகிற தப்பு, ஏனென்றால் கண்ணில் பட்டுவிடும். அதே டேபிளில் முந்தைய பேஷண்டின் எஸ்ஜிபிடியும் (ஈரல் டெஸ்ட்) அப்படியே உட்கார்ந்திருந்தது, இவருக்கு அந்த டெஸ்ட் எடுக்கவே இல்லை. அதை யாரும் பார்க்கவில்லை, இன்ஷூரன்ஸ்காரர் ஒருவர்தான் 'இந்த ரிப்போர்ட் எங்கே?' என்று கேட்டார்.

எக்செல் வைத்துச் செய்கிறவர்களுக்குத் தனி வேடிக்கை. யூரின் ரிப்போர்ட்டில் பஸ் செல்ஸ் (சீழ் அணு) 2-4 என்று அடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனால் அது ஏப்ரல் 2 என்று தேதியாகிவிடும். எபிதீலியல் செல்ஸ் 4-6 என்றால் ஜூன் 4. இதற்குச் சிரிக்காதீர்கள், எக்செல் தேதியாக மாற்றிவிடுகிறது என்பதற்காக 2020-ல் மனித ஜீன்கள் சிலவற்றின் பெயரையே மாற்றினார்கள். அந்த நெடுவரிசையை முதலிலேயே 'டெக்ஸ்ட்' என்று வைத்துவிட்டால் பிரச்சினை இல்லை, ஆனால் யார் வைக்கிறார்கள்?

இதை விடவே முடியாது என்பவர்களுக்கு ஒரே ஒரு யோசனை. பழைய பேஷண்டின் ஃபைலை யாரும் திறக்க முடியாதபடி, எண் எதுவும் இல்லாத காலி டெம்ப்ளேட் ஒன்றைப் பூட்டி வையுங்கள். அடிக்காமல் விட்ட கட்டம் காலியாகத் தெரியட்டும். வேகத்தில் பத்துப் பைசா குறையும், அவ்வளவுதான்.

வழி 3: டிக்டேட் செய்து டைப்பிஸ்டிடம் கொடுப்பது

பெரிய கன்சல்டன்ட் இருக்கிற இடத்துக்கு இது நன்றாகப் பொருந்தும். அவர் பேசிவிட்டுப் போய்விடுவார், கதை அழகாக வரும்: ஏன் வந்தார், என்ன நினைத்தோம், என்ன செய்தோம், எப்படித் தேறினார். டைப்பிஸ்ட் உள்ளே இருக்கலாம், வெளியே ஒரு கம்பெனியாக இருக்கலாம். வெளியே என்றால் எத்தனை வரி அடித்தார்களோ அதற்குக் காசு. 65 எழுத்து ஒரு வரி என்பது பழைய அமெரிக்க வழக்கம், இங்கேயும் சிலர் அதையே வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் லேப் டேபிள் அடிக்கிறவருக்குக் கட்டுப்படியாகாது, எழுத்துக் குறைவு, கவனம் அதிகம். ஆகவே அவசரமாகத்தான் அடிப்பார். ஒப்பந்தம் போடும்போது லேப் பகுதிக்குத் தனி ரேட் பேசிக்கொள்ளுங்கள்.

காதால் கேட்டு எண் எழுதுவதில் உள்ள ஆபத்து பழகியவர்களுக்குத் தெரியும். சிக்ஸ்டீனும் சிக்ஸ்டியும் ஒலிப்பதிவில் ஒன்றுபோலத்தான் இருக்கும். எக்கோவில் இஎஃப் (இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறன்) 60 சதவீதம் என்றால் இதயம் நன்றாக இருக்கிறது, 16 என்றால் படுமோசம். ஹைப்போகலீமியா (பொட்டாசியம் குறைவு), ஹைப்பர்கலீமியா (பொட்டாசியம் அதிகம்) இரண்டும் நேர் எதிர், ஃபேன் ஓடுகிற அறையில் பேசினால் காதுக்கு ஒன்றுதான். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'நோ எவிடென்ஸ் ஆஃப்' என்பதில் அந்த 'நோ' விழுங்கப்பட்டால் கதை தலைகீழ்.

இதற்குத் தொழிலில் ஒரு பழைய ஒழுக்கம் உண்டு: காதில் விழாததை ஊகிக்காதே, கோடு போட்டுக் காலியாக விடு. காலி இடம் இல்லாத சம்மரிகளை மட்டுமே அனுப்புகிற கம்பெனியை நான் நம்ப மாட்டேன். டாக்டர் பக்கமும் ஒரு பழக்கம் வேண்டும், 'சிக்ஸ்டீன், ஒன் சிக்ஸ்' என்று இலக்கத்தைப் பிரித்தும் சொல்ல வேண்டும்.

என்னைக் கேட்டால் டிக்டேஷனைக் கதைக்கு வைத்துக்கொள்ளுங்கள், எண்களை வாயால் சொல்லாதீர்கள். 'கிரியேட்டினின் ஏறி இறங்கியது, டேபிளில் பார்க்க' என்றால் போதும். டேபிள் வேறு வழியில் வரட்டும்.

வழி 4: லேப் சாஃப்ட்வேர் இழுத்துக் கொடுப்பது

அனலைசர் மெஷின், லேப் சாஃப்ட்வேர், ஆஸ்பத்திரி சாஃப்ட்வேர் மூன்றும் பேசிக்கொண்டால் ரிசல்ட் யார் கையும் படாமல் சம்மரிக்கு வந்துவிடும். யூனிட், நார்மல் ரேஞ்ச், சாம்பிள் எடுத்த நேரம் எல்லாம் கூடவே வரும். நாளைக்கு ஆபா நம்பரோடு (மத்திய அரசின் சுகாதார அடையாள எண்) ரிப்போர்ட்டை இணைக்கவும் இந்த அடித்தளம்தான் வேண்டும். உள்ளேயே லேப் வைத்து தினமும் நாலைந்து டிஸ்சார்ஜ் போடுகிற எந்த இடத்துக்கும் இதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன். ஆனால் விற்க வருகிறவர் சொல்லாத விஷயங்கள் நிறைய.

செலவு சாஃ‌ப்ட்வேர் விலையோடு நிற்காது. ஒவ்வொரு மெஷினுக்கும் தனி இணைப்புக் கட்டணம், வருடா வருடம் ஏஎம்சி என்கிற பராமரிப்புக் கட்டணம். சின்ன லேப்களில் மெஷின் பல நேரம் சொந்தமாக இருக்காது, ரீஜென்ட் (டெஸ்டுக்கான ரசாயனம்) வாங்குகிற ஒப்பந்தத்தில் கம்பெனிக்காரர் வைத்துவிட்டுப் போயிருப்பார். இரண்டு வருடம் கழித்து வேறு கம்பெனிக்கு மாறினால் இணைப்பு வேலை மறுபடி முதலிலிருந்து. இதை யார் செலவில் செய்வது என்று முதல் நாளே எழுதி வாங்குங்கள்.

அப்புறம் மேப்பிங். மெஷினில் வரும் எந்தக் குறியீடு சம்மரியில் எந்த டெஸ்ட், என்ன யூனிட் என்று ஒருவர் உட்கார்ந்து பொருத்த வேண்டும். மனிதன் அடித்தால் ஒருவருக்குத் தப்பு வரும், மேப்பிங் தப்பானால் எல்லாருக்கும் ஒரே தப்பு வரும். மெஷின் 150 ஆயிரம் என்று அனுப்பியதை 150 லட்சம் என்று காட்டினால் யாராவது பார்த்துவிடுவார்கள். டி-டைமரின் அளவீட்டு முறை மாறிப்போனதை யார் பார்ப்பார்கள்? ஆரம்பித்த முதல் வாரம் பிரிண்டையும் திரையையும் வைத்து வரிக்கு வரி ஒப்பிடாமல் விற்றவருக்குக் கடைசித் தவணை கொடுக்காதீர்கள். மிகக் குறைந்த, மிக உயர்ந்த ரிசல்ட்களைத் தேடிப் பிடித்து ஒப்பிடுங்கள். நார்மல் எண்களில் இந்தத் தப்பு ஒளிந்துகொள்ளும்.

திருத்திய ரிப்போர்ட் இன்னொரு சிக்கல். லேப் ஒரு எண்ணைத் திருத்திப் புது ரிப்போர்ட் கொடுத்தால், ஏற்கெனவே சம்மரியில் ஏறிய பழைய எண் தானாக மாறுமா, மாறினால் மாறியது என்று காட்டுமா? டெமோ காட்ட வருகிறவரிடம் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள், பலர் பேச்சை மாற்றுவார்கள்.

வெளியே அனுப்பும் டெஸ்ட்கள் இதில் வராது. ஏஎன்ஏ, விட்டமின் பி12, கல்ச்சர் என்று சென்னையில் ஏதோ பெரிய லேபுக்குப் போனவை பிடிஎஃப்-ஆக மெயிலில் வரும். அதை யாரோ கையால் ஏற்றத்தான் வேண்டும், இல்லாவிட்டால் சம்மரியில் எடுக்காத டெஸ்ட் போலத் தெரியும்.

கடைசியாக, குப்பை. ஐசியூவில் எட்டு நாள் இருந்தவருக்குக் காலை மாலை எடுத்த எல்லா டெஸ்டையும் கொட்டினால் சம்மரி பதினொரு பக்கம் வரும். ஊரில் இருக்கிற குடும்ப டாக்டர் அதில் எதைப் பார்ப்பார்? அட்மிஷன் அன்றைக்கு, மோசமாக இருந்த அன்றைக்கு, டிஸ்சார்ஜ் அன்றைக்கு என்று மூன்று நெடுவரிசை மட்டும் காட்டும்படி அமைக்கச் சொல்லுங்கள். அமைக்க முடியாது என்றால் அந்த சாஃப்ட்வேர் வேண்டாம்.

வழி 5: போட்டோ எடுத்து ஏஐ-யிடம் கொடுப்பது

ரிப்போர்ட்டைச் செல்போனில் எடுத்து ஏஐ-யிடம் கொடுத்தால் டேபிளாகக் கொடுத்துவிடுகிறது, அசத்தலாகத்தான் இருக்கிறது. ஒரு வரி கீழே இறங்கி யூரியாவின் எண்ணைக் கிரியேட்டினினுக்குப் போட்டாலும் அதே அழகோடுதான் கொடுக்கும். நார்மல் ரேஞ்ச் நெடுவரிசையை ரிசல்ட் என்று எடுத்துக்கொண்டாலும் அப்படியே. மங்கிய பிரிண்டில் தசமப் புள்ளி தெரியாதபோது காலியாக விட அதற்கு மனசு வராது, எதையாவது போடும். பேச்சைக் கேட்டு எழுதுகிறவையும் இப்படித்தான். ஓபன்ஏஐயின் விஸ்பர், ஒலிப்பதிவில் யாரும் சொல்லாத வாக்கியங்களைச் சுமார் ஒரு சதவீதப் பதிவுகளில் சேர்த்திருந்ததை 2024-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஒரு சதவீதம்தானே என்று தோன்றும், மேலே 98-க்குப் போட்ட கணக்கை இங்கேயும் போட்டுப் பாருங்கள்.

ரகசியம்தான் பெரிய இடி. பெயர், வயது, போன் நம்பர், எச்ஐவி ரிசல்ட் எல்லாம் இருக்கிற காகிதத்தை டூட்டி டாக்டரின் சொந்தப் போனிலிருந்து ஏதோ ஒரு இலவச ஆப்புக்கு அனுப்புகிறோம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் வந்தாயிற்று, பொறுப்பு ஆஸ்பத்திரி தலையில்தான் விழும்.

வரைவு தயாரிக்க, அதுவும் ஒப்பந்தம் போட்டு வாங்கிய சேவையில், வரிக்கு வரி ஒருவர் பார்ப்பார் என்றால் சரி. ஆனால் வரிக்கு வரி பார்ப்பதென்றால் மிச்சமான நேரம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வழி 6: அடிக்காமல், ரிப்போர்ட்டையே இணைத்துவிடுவது

எனக்குப் பிடித்த வழி, யாரும் விற்க வராத வழி. சம்மரியில் அந்த நோயாளிக்கு முக்கியமான நாலைந்து எண் மட்டும், தேதியோடும் யூனிட்டோடும். மற்றதெல்லாம் 'ரிப்போர்ட் இணைப்பில்' என்று சொல்லி அசல் ரிப்போர்ட்களைப் பின்னால் கோர்த்துவிடுவது. எண் கை மாறவே இல்லை, லேப்காரரின் குறிப்பு அப்படியே இருக்கிறது, கல்ச்சர் ரிப்போர்ட்டில் எந்த மருந்து கேட்கும் எந்த மருந்து கேட்காது என்ற முழு அட்டவணையும் கெடாமல் போகிறது. ஆஸ்பத்திரித் தரத்துக்கான என்ஏபிஎச் அங்கீகாரத்துக்கு சம்மரியில் பரிசோதனை முடிவுகள் இருக்க வேண்டும், ஆகவே முக்கியமானவற்றைச் சம்மரி உடலுக்குள் சொல்லியே ஆக வேண்டும். 'இணைப்பில் காண்க' என்று மொத்தமாகத் தள்ளிவிட்டால் நடக்காது.

இரண்டு இடங்களில் இது இடிக்கும். முதலாவது தெர்மல் காகிதம். ஐசியூவில் ஏபிஜி (ரத்தத்தில் ஆக்ஸிஜன் முதலியவற்றை அளக்கும்) மெஷின் துப்புகிற துண்டுச் சீட்டை ஃபைலில் குத்தி வைத்தால் சில மாதத்தில் வெள்ளையாகிவிடும். அதை எழுதித்தான் ஆக வேண்டும், அல்லது அன்றைக்கே போட்டோகாப்பி. எழுதும்போது எவ்வளவு ஆக்ஸிஜனில் எடுத்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வெறும் காற்றில் பிஓ2 (ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு) 90 என்றால் கவலையில்லை, 60 சதவீத ஆக்ஸிஜன் ஓடும்போது அதே 90 என்றால் நுரையீரல் படுத்துவிட்டது என்று பொருள். சீட்டில் அந்த விவரத்தைப் போடாமலே விட்டிருப்பார்கள், நர்ஸ் சார்ட்டில்தான் இருக்கும்.

இரண்டாவது, இணைப்பு தொலைவது. நோயாளி அடுத்த முறை வரும்போது சம்மரியின் முதல் பக்கத்தை மட்டும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவருவார். ஆகவே அந்த நாலைந்து எண் சரியான நாலைந்தாக இருக்க வேண்டும், அதைத் தேர்ந்தெடுக்க டாக்டர்தான் வேண்டும்.

ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு ஒரு தனிச் சொல். ரேடியாலஜிஸ்ட் எழுதிய முடிவுப் பகுதியை வார்த்தை மாற்றாமல் எடுங்கள், சுருக்கி அழகுபடுத்தாதீர்கள். இடது வலதை முழுதாக எழுதுங்கள். கல் 5 மிமீ என்றால் தண்ணீர் குடித்துப் பார்க்கலாம், 5 செமீ என்றால் ஆபரேஷன் தியேட்டர். ரிப்போர்ட்டின் நடுவில் 'நுரையீரலில் சிறு முடிச்சு, மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கவும்' என்று ஒரு வரி இருந்தால் அது வந்த வியாதிக்குச் சம்பந்தமில்லை என்று விட்டுவிடாதீர்கள், சம்மரியில் ஏறவேண்டிய முதல் வரி அதுதான்.

ஒரே பார்வையில்

| வழி | எண் பிசகும் வாய்ப்பு | குறிப்பு, யூனிட் தங்குமா | டிஸ்சார்ஜ் வேகம் | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|---|
| பார்த்து அடிப்பது | நடுத்தரம் | அடிப்பவரைப் பொறுத்தது | மெதுவு | டாக்டரின் நேரம் |
| சேவ் ஆஸ் | மிக அதிகம் | பழைய பேஷண்டுடையது தங்கும் | மிக வேகம் | இன்ஷூரன்ஸ் கேள்வி, வழக்கு |
| டிக்டேஷன் | எண்ணுக்கு அதிகம், கதைக்குக் குறைவு | சொன்னால் உண்டு | அரை நாள் தாமதம் | சரிபார்க்க இன்னொரு ஆள் |
| சாஃப்ட்வேர் இணைப்பு | குறைவு, வந்தால் எல்லாருக்கும் | யூனிட் தங்கும், குறிப்பைச் சோதிக்கவும் | வேகம் | இணைப்புக் கட்டணம், ஏஎம்சி, மெஷின் மாற்றம் |
| போட்டோ, ஏஐ | ஊகிக்க முடியாது | பாதி | வேகம், சரிபார்த்தால் இல்லை | ரகசியக் கசிவு |
| இணைப்பது | மிகக் குறைவு | முழுதும் | வேகம் | போட்டோகாப்பி, தொலையும் காகிதம் |

சரி, யாருக்கு எது?

இருபது படுக்கைக்குள், லேப் வெளியே என்றால் ஆறாவது வழி. நாலைந்து எண்ணை டாக்டர் டிக் அடித்துக் கொடுக்க, ரெக்கார்ட்ஸ் ஆள் அடித்து, இன்னொருவர் வாசித்துச் சரிபார்க்கட்டும். இதற்கு சாஃப்ட்வேர் வாங்கினால் ஏஎம்சி கட்டுவதுதான் மிச்சம்.

உள்ளே லேப், முப்பது படுக்கைக்கு மேல், இரண்டு மூன்று மெஷின் என்றால் நாலாவது வழிக்குப் பணம் போடுங்கள், ஆனால் ஆறாவதின் ஒழுக்கத்தோடு: மூன்று நெடுவரிசை, தேர்ந்த டெஸ்ட்கள், மற்றவை இணைப்பில். கன்சல்டன்ட்கள் பேசிப் பழகியவர்களாக இருந்தால் கதைக்கு டிக்டேஷனைச் சேர்த்துக்கொள்ளலாம்.

பிரசவம், கண் ஆபரேஷன் மாதிரி ஒரே வகைக் கேஸ்கள் மட்டும் பார்க்கிற இடத்துக்குப் பூட்டிய காலி டெம்ப்ளேட்டே போதும், டெஸ்ட் எண்ணிக்கையும் குறைவு.

எந்த வழியானாலும் சம்மரியின் கடைசியில் 'வரவேண்டிய ரிப்போர்ட்' என்று ஒரு கட்டம் வையுங்கள். கல்ச்சரோ பயாப்ஸியோ எது பாக்கி, எந்தத் தேதியில் வரும், நோயாளி எந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும், ஆஸ்பத்திரியில் யார் பார்ப்பார்கள் என்ற நாலும் அதில் இருக்கட்டும். லேபில் பாக்கி ரிப்போர்ட்டுக்கு ஒரு நோட்டு, தினமும் மாலை ஒருவர் அதைத் திறந்து வந்தவற்றை டாக்டரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கட்டும். ஃபைலை எவ்வளவு நாள் வைப்பது என்று கேட்கிறவர்களுக்கு, மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகள்படி உள்நோயாளி ஆவணம் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருடம், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். தாமதமாக வந்த அந்தக் கல்ச்சர் ரிப்போர்ட்டும் அதே ஃபைலுக்குள் போய்ச் சேர வேண்டும், லேப் டிராயரில் கிடக்கக் கூடாது.